என்ற கேமுக்கு வாங்குன கம்ப்யூட்டர்

ஆகஸ்ட் 5, திங்கள்

ஆமா, எழுபத்திரெண்டுதான். அதுக்கென்ன இப்ப? கேம் ஆடறவனுக்கு இத்தனை வயசுக்கு மேல கூடாதுன்னு பஸ் ஸ்டேண்டுல போர்டு வச்சிருக்குதா? நீ பாட்டுக்கு ரூம் கதவைச் சாத்திக்கிட்டா நான் பேச வந்தது முடிஞ்சுபோச்சா, தமயந்தி? முடியலை. நீ கேக்க மாட்டே, சரி. டைரி கேக்கும். தை மாசம் டயர் கடைக்காரன் குடுத்தது. இத்தனை நாளா கட்டில் காலுக்கு முட்டுக் குடுத்து வச்சிருந்தேன், இன்னிக்கு உருவிட்டேன். கட்டில் ஆடுது. ஆடட்டும்.

"மனுசன் இருக்கற அவசரத்துல உங்களுக்கு லொள்ளுங்களாப்பா"ன்னு கேட்டியே. லொள்ளு என்ற கூடவே பொறந்தது, இன்னிக்கு வந்ததில்லை. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. பெரிய கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கப் போறேன், பஸ் ஓட்டற கேம் ஆட. முப்பத்தெட்டு வருசம் கரூர்ல பஸ் பாடி கட்டுனவன் இந்தச் சென்னியப்பன். கட்டுனனே தவிர ஒண்ணைக்கூட ரோட்டுல ஓட்டுனதில்லை. கம்பெனி கேட்டுக்குள்ள முன்னாடி விட்டுப் பின்னாடி எடுத்ததோட சரி. இனி ஓட்டறேன். என்ற பிஎப் காசு, என்ற இஷ்டம். அதுக்குக் கதவைச் சாத்துவியா?

உன்ற அவசரம் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்காத. தெரிஞ்சதை எழுதறேன், தப்பிருந்தா சொல்லு. பாலக்காட்டுக்காரர் ஒருத்தர் நாலு ஸ்லீப்பர் பஸ் கட்டக் குடுக்கறாரு. கட்டறதுக்கு முன்னாலயே அந்த பஸ்ஸுக்குள்ள ஏறி நடந்து போற மாதிரி கம்ப்யூட்டர்ல படம் காட்டணுமாம், ரெண்டு நிமிசத்துக்கு. அதைச் செய்யற வேலை உன்னுது. இருபத்தேழாந்தேதி சாயங்காலம் நாலு மணிக்குள்ள குடுக்கணும். அவருக்குப் புடிச்சுப்போச்சுன்னா எங்க பழைய கம்பெனியில இனி வர்ற பஸ்ஸுக்கெல்லாம் டிசைன் உன்னுது. தவறிப்போச்சுன்னா பெங்களூருக்காரனுக்குப் போயிரும், நீ ஒண்ணாந்தேதி அந்த பெட்ஷீட் எக்ஸ்போர்ட் கம்பெனியில போய் குமாஸ்தாவா உக்காரணும். அவங்ககிட்ட வர்றேன்னு தலையாட்டிட்டும் வந்துட்டே. நாப்பத்தொரு வயசுல, புருசன் வீடு வேண்டாம்னு வந்து ரெண்டு வருசமா ராப்பகலா கத்துக்கிட்ட வேலையை உட்டுப்போட்டு.

உன்ற கம்ப்யூட்டர் ஒரு படத்துக்குப் பத்து நிமிசம் முக்குது. மூவாயிரம் படம் வேணும். ஆறாங்கிளாஸோட நின்ன எனக்கே இது ஆகாதுன்னு தெரியுது.

ஆனா நான் வாங்கறது என்ற கேமுக்கு. அதைத் தெளிவா எழுதி வச்சுக்கறேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கோவை ரோட்டுல சிக்கந்தர் கடைக்குப் போனேன். நாப்பத்தஞ்சு வயசு ஆளு, எந்நேரமும் ஸ்க்ரூ டிரைவரைக் காதுல செருகியிருப்பான், எங்க கம்பெனியில தச்சுக்காரனுக பென்சிலைச் செருகற மாதிரி.

"கேமுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும் தம்பி. இருக்கறதுலயே பெருசு."

"பேரனுக்குங்களா பெரியவரே?"

"பேரனை எதுக்கு இழுக்கறே? எனக்குத்தான். பஸ் ஓட்டறது."

"பஸ் கேமுக்கு அவ்வளவு பெருசு வேண்டாமுங்களே. சாதாரணமே போதும்."

"போதாது. பஸ்ஸுக்குள்ள வெளிச்சம் எங்கெங்க விழுது, சன்னல் கண்ணாடியில எது தெரியுது, மெத்தையில துணி எப்படி மடியுது, எல்லாத்தையும் அது கணக்குப் போடணும். போட்டு மூவாயிரம் படம் செய்யணும். சுருக்கா."

அவன் காதுல இருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மேசை மேல வச்சான். "இது கேம் இல்லீங்களே."

"நான் ஆடற கேம் அப்படி."

அப்புறம் நான் கொண்டுபோன சீட்டைக் குடுத்தேன். தமயந்தி மேசையில காலண்டர் தாள் பின்பக்கம் அவ எழுதி வச்சிருந்த லிஸ்ட்டு. அவ காய் வாங்கப் போன நேரத்துல பாத்து எழுதிக்கிட்டேன். இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது, அதனால ஒவ்வொரு எழுத்தையும் படம் வரையற மாதிரி வரஞ்சுக்கிட்டேன். அந்த லிஸ்ட்டு மேல அவ குறுக்கால ஒரு கோடு போட்டிருந்தா. கோட்டை மட்டும் நான் போடலை.

சிக்கந்தர் படிச்சுக்கிட்டே வந்தான். "பிராசசர் சரி. கிராபிக்ஸ் கார்டு, அடேங்கப்பா, சரி. ராம் சரி. பெரியவரே, கடைசி வரியில 'இப்போதைக்கு வேண்டாம்'னு இங்கிலீஷ்ல எழுதியிருக்குதுங்களே. அதுவும் வேணுங்களா?"

"அது ஸ்டாக்கு இல்லீன்னா விட்டுரு"ன்னு சொன்னேன்.

ஆகஸ்ட் 7, புதன்

இன்னிக்கு பெட்டி வாங்கியாச்சு. உள்ள போற சாமான் ஒண்ணும் இன்னும் வரலை, பெட்டி மட்டும். சிக்கந்தர் வேண்டாம்னான். "கார்டு எவ்வளவு நீளம்னு பாத்துக்கிட்டு அப்புறமா கேபினட் எடுக்கலாமுங்க"ன்னான். அவன் பஸ் கட்டுனதில்லை. எங்க ஊர்ல எப்பவும் சேஸிஸ்தான் மொதல்ல வரும். வெறும் சட்டம், இஞ்சின், ஒரு ஸ்டீரிங்கு. டிரைவர் தலைக்குத் துண்டைக் கட்டிக்கிட்டு வெயில்லயும் காத்துலயும் அதை வடநாட்டுல இருந்து ஓட்டிக்கிட்டு வருவான். சட்டம் வந்தாத்தான் அளவு. அளவுக்குத் தகுந்த மாதிரி மத்ததைச் செய்யறது நம்ம வேலை.

நல்ல கறுப்பு. ஒருபக்கம் கண்ணாடி. ஒல்லியா, மேசைக்கடியில கரெக்ட்டா நிக்கும். என்ற மேசைக்கடியில.

என்கிட்ட மேசை இல்லீன்னு பொழுதோடதான் ஞாபகம் வந்துது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

தமயந்தி பெட்டியைப் பாத்துட்டு இதெதுக்குன்னு கேட்டா. அரிசி போட்டு வைக்கன்னேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

சாமான் எல்லாம் வந்துருச்சு. சிக்கந்தர் ஒவ்வொண்ணா எடுத்து வெளக்குனான். நானும் அவனுக்கு வெளக்குனேன். பிராசசர்னா இஞ்சின். மதர்போர்டுன்னா குறுக்குச் சட்டம், எல்லாம் அதுமேலதான் உக்காரணும். பவர் சப்ளை டீசல் டேங்க்கு. "ராமுங்க?"ன்னான். சீட்டு, எத்தனை பேரு ஒரே நேரத்துல உக்காரலாம்கற கணக்குன்னேன். "பெரியவரே, நான் பதினேழு வருசமா இதைக் கஸ்டமருக்குச் சொல்லத் திணர்றேன். இனி இதையே சொல்லிக்கறேன்"னான்.

அப்புறம் கிராபிக்ஸ் கார்டை எடுத்தான். செங்கல் மாதிரி இருக்குது, மூணு ஃபேனு அதுலயே. பெட்டிக்குள்ள வச்சுப் பாத்தான். போகலை. திருப்பி வச்சான். போகலை. கார்டு மூணு விரக்கடை நீளம் கூட.

அவன் என்னைப் பாத்தான். நான் கடைக்கு வெளிய ஒரு லாரி போறதைப் பாத்தேன்.

"வேற கேபினட் வரணும்னா பத்து நாளாகுமுங்க. இந்தக் கறுப்பைப் பிரிச்சுட்டதால திருப்பி எடுக்க மாட்டாங்க"ன்னான்.

பத்து நாள்னா இருபத்திரெண்டு. ஆகாது. பெட்டியைக் குடு, நாளான்னிக்குக் கொண்டாறேன்னு வாங்கிக்கிட்டு வந்துட்டேன். "என்ன பண்ணுவீங்க"ன்னான். நாப்பதடி சேஸிஸ்ல நாப்பத்திமூணடி பாடி கட்டுனவன் நான். சட்டப்படி தப்பு, ஆனா கட்டியிருக்கேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

முன்பக்கத் தகட்டுல இருக்கற ரிவெட்டு எல்லாத்தையும் டிரில் போட்டு எடுத்தேன். உள்ள ஒரு கூண்டு மாதிரி இருந்துது, அதைக் கழட்டி வீசிட்டேன். முன்னாடி கிரைண்டர்ல ஒரு வாசல் அறுத்து, அலுமினியத் தகட்டுல நாலு விரக்கடைக்கு ஒரு மூக்கு மடிச்சு வச்சு ரிவெட்டு அடிச்சேன். பழைய பஸ்ஸுக்கெல்லாம் முன்னாடி மூக்கு இருக்குமே, அப்படி. தூளெல்லாம் பஞ்சர் கடையில காத்துப் புடிச்சு ஊதி எடுத்தாச்சு.

கை நடுங்குதுன்னு சொன்ன டாக்டர் வந்து பாக்கட்டும். ஒரு கோடு கோணலில்லை.

தமயந்தி கொல்லைக்கு வந்தா. "அரிசிப் பெட்டிக்கு இத்தனை வேலைங்களா?"

"எலி புகாம இருக்கணுமில்ல அம்மிணி."

அவ சிரிச்ச மாதிரி இருந்துது. தண்ணிக் குடத்தைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா, முகம் தெரியலை.

ஆகஸ்ட் 17, சனி

மெசின் வீட்டுக்கு வந்துருச்சு. சிக்கந்தர் பெட்டி மூக்கைப் பாத்துட்டு போட்டோ எடுத்துக்கிட்டான், கடையில மாட்ட. கார்டு கச்சிதமா உக்காந்துருச்சு.

மேசை இல்லாததுனால தமயந்தி மேசையிலதான் வைக்க வேண்டியதாப்போச்சு. வேற வழியில்லை.

அவ வாசப்படியில நின்னு பாத்தா. கிட்ட வந்து கண்ணாடி வழியா உள்ள பாத்தா. ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டே வந்து கார்டுகிட்ட நின்னுட்டா. "இது யாரு சொல்லி வாங்குனீங்க?"

"சிக்கந்தர் சொன்னான். பஸ் கேமுக்கு இதான் கண்டிப்பா வேணுமாம்."

"இதேதானா?"

"இதேதான். ஒரு நம்பர் கொறஞ்சாலும் பஸ் மேடு ஏறாதாம்."

அவ மேசை மேல இருந்த காலண்டர் தாளை எடுத்து மடிச்சு டிராயர்ல போட்டுச் சாத்துனா.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வெடியால கேம் ஆடுனேன். ஸ்டீரிங்கெல்லாம் வச்சு நெசமாவே நல்லாத்தான் இருக்குது. ஏதோ வெளிநாட்டு ரோடு, பனி கொட்டுது. முதல் ஸ்டாப்புலயே ஒரு போஸ்ட்டு மரத்துல ஏத்திட்டேன். உள்ள உக்காந்திருந்த ஆளுக ஒருத்தனும் சத்தம் போடலை. கரூர்ல இருந்து திருச்சி போற பஸ்ஸா இருந்தா என்ற அம்மாவை, அப்பனை எல்லாம் இழுத்திருப்பானுக.

மத்தியானம் தமயந்திகிட்ட சொன்னேன்: "சாப்புட்டா எனக்குத் தூக்கம் வருது. மெசின் சும்மா கெடந்தா உள்ள துருப்புடிக்குமாம், சிக்கந்தர் சொன்னான். யாராச்சும் ஓட்டிக்கிட்டே இருக்கணுமாம்."

"அப்படீன்னு சிக்கந்தர் சொன்னாருங்களா?"

"சொன்னான்."

"கூப்புட்டுக் கேக்கட்டுங்களா?"

"ஞாயித்துக்கிழமை அவன் எடுக்க மாட்டான்."

நான் படுத்துக்கிட்டேன். தூங்கலை. சாயங்காலம் வரைக்கும் பக்கத்து ரூம்ல அந்த மவுசு சத்தம் நிக்கவேயில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஒரு சின்ன ஃபினிஷிங் வேலை பாக்கி இருந்துது, முடிச்சுட்டேன். மூக்கு ஜாயிண்ட்டுல தூசி போற அளவுக்கு இடுக்கு. பெட்டியில கம்பெனிக்காரனே விட்ட ஓட்டையும் நெறைய, முன்னாடி பூரா சல்லடை மாதிரி. இப்படி ஒரு பஸ்ஸை எங்க மொதலாளிகிட்ட காட்டியிருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு. பஸ் முடிஞ்சதும் மேல இருந்து தண்ணி அடிச்சுப் பாப்போம். ஒரு சொட்டு உள்ள விழுந்தா அந்தப் பக்கம் கட்டுனவன் தலைகுனியணும். நான் குனிஞ்சதில்லை.

அவ சந்தைக்குப் போயிருந்தப்ப சீலண்ட்டு டியூப்பை எடுத்து முன்பக்கம், அடிப்பக்கம், மூக்கு ஓரம், எல்லா இடுக்கும் சல்லடையும் அடைச்சு, விரலை நனச்சு ஒரே இழுப்பா தடவி விட்டேன். கறுப்புல கறுப்பு, கண்ணுக்கே தெரியலை. தண்ணி டெஸ்ட்டு இதுக்கு ஆகாது. சாம்பிராணி போட்டுப் பாத்தேன். பொகை உள்ள போகலை. துளி போகலை.

சொல்லிக்கலை. நல்ல வேலைக்காரன் சொல்லிக்க மாட்டான்.

ஆகஸ்ட் 22, வியாழன்

அவ மூணு நாளா மெசின் முன்னால இருந்து எந்திரிக்கலை. எங்கிட்ட வெடியால ஒரு மணி நேரம் குடுக்கறா, அதுலயும் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு நிக்கறா. "என்ற கம்ப்யூட்டர் அம்மிணி"ன்னேன். "ஆமாங்கப்பா, எந்திரிங்க"ன்னா.

பின்னாடி நின்னு பாத்தேன். பஸ்ஸுக்குள்ள படுக்கை, படுக்கைக்குப் படுக்கை விளக்கு, சன்னலுக்குத் திரை. கைப்புடி வச்ச இடம் கரெக்ட்டு. மேல் படுக்கைக்கு ஏற கால் வைக்கற இடம் கரெக்ட்டு. நானா இருந்தாலும் அங்கதான் வச்சிருப்பேன். சொல்லலை. சொன்னா தலைக்கேறிடும்.

கம்பெனிக்குப் போய் பழைய பஸ்ஸுல அளவெடுத்துட்டு வரலாமில்லன்னு கேட்டேன். "போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கேன், போதும்"னா. ரெண்டு வருசமா அந்தக் கம்பெனிக்கு வேலை செய்யறா, ஒருநாள் உள்ள போனதில்லை. எல்லாம் போன்லயே. ஏன்னு அவளைத்தான் கேக்கணும்.

ஆகஸ்ட் 24, சனி

வெடியால எட்டு மணிக்கு மூவாயிரம் படத்தையும் செய்யச் சொல்லிப் பட்டனை அமுக்கிட்டா. ஒரு படத்துக்கு ஒரு நிமிசம். ரெண்டு நாளு சொச்சம். திங்கக்கிழமை முடிஞ்சிரும்னு விரல் விட்டு எண்ணிச் சொன்னா. இத்தனை மாசத்துல மொதோ தடவையா எனக்கு ரெண்டு தோசை எச்சா சுட்டுப் போட்டா.

பதினோரு மணிக்கு மெசின் இரைய ஆரம்பிச்சுது. மேடு ஏறற லாரி மாதிரி. ஒரு மணிக்கு டப்புன்னு நின்னுபோச்சு. திரும்பப் போட்டா. அரை மணி ஓடுச்சு, நின்னுபோச்சு. போட்டா, நின்னுபோச்சு.

ஸ்டெபிலைசர் மாத்திப் பாத்தா. ஒயரெல்லாம் மாத்திப் பாத்தா. நானும் பக்கத்துல நின்னு கரண்ட்டு சரியில்லை, கரண்ட்டு சரியில்லைன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்.

பெட்டியைத் தொட்டுப் பாத்தேன். தோசைக்கல்லு.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சிக்கந்தர் மத்தியானம் வந்தான். லீவு நாள்ல வந்தான், நல்லவன். மண்டி போட்டு உக்காந்து முன்பக்கம் கையை வச்சான். எடுத்தான். திரும்ப வச்சான்.

"காத்தே வரலை. யாரோ பூசி அடைச்சிருக்காங்க. யாருங்க இது?"

"கம்பெனி ஃபிட்டிங்கா இருக்கும்"னேன்.

"நான் குடுக்கும்போது இல்லீங்களே. இந்த சல்லடை வழியாத்தான் குளிர்காத்து உள்ள போகணும். வாயையும் மூக்கையும் பொத்திக்கிட்டு ஆளை ஓடச் சொன்னா எப்படிங்க?"

தமயந்தி குனிஞ்சு அந்த ஓரத்துல ஒரு விரலை வச்சு இழுத்துப் பாத்தா. மூக்கு முனையில இருந்து அடி வரைக்கும். விரலை எடுக்காம சொன்னா: "இந்தத் தடவல் எனக்குத் தெரியுங்க. நான் வளந்த வீட்டுல ஒவ்வொரு சன்னல்லயும் இருக்குது."

சிக்கந்தர் என்னைப் பாத்தான். இந்தத் தடவை லாரி எதுவும் போகலை.

அவ திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். கத்தி எடுத்துக்கிட்டு வந்து பக்கத்துல வச்சுட்டு, "சுரண்டுங்க"ன்னு மட்டும் சொன்னா. மூணு மணி நேரம் சுரண்டுனேன். நல்ல வேலை, லேசுல வருதா. சிக்கந்தர் உள்ள இருந்த ஃபேனெல்லாம் மாத்தி வச்சான். இதுவரைக்கும் செஞ்ச நானூறு படம் பத்திரமா இருக்குதாம், விட்ட இடத்துல இருந்து ஓடுமாம். அஞ்சு மணிக்கு திரும்ப ஆரம்பிச்சுது. ஒரு படத்துக்கு ஒரு நிமிசம். செவ்வாக்கிழமை மத்தியானம் முடியும். நாலு மணிக்குக் குடுக்கணும். போதும்.

போதும்னு எழுதி முடிக்கறேன், பக்கத்து வீட்டு வேலுச்சாமி சுவத்துக்கு மேல எட்டிப்பாத்து, "நாளைக்கு மின்சார வாரியத்துல பராமரிப்பு, ஒம்பதுல இருந்து அஞ்சு வரைக்கும் கரண்ட்டு இல்லை, தண்ணி புடிச்சு வச்சுக்கங்க"ன்னு சொல்லிட்டுப் போறான்.

எட்டு மணி நேரம். தமயந்தி அப்படியே உக்காந்துட்டா. எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரனுக்குப் போன் பண்ண நம்பரைத் தேடறா.

"போனைக் கீழ வை"ன்னேன். "கரண்ட்டு இருக்கற இடம் எனக்குத் தெரியும்."

ஆகஸ்ட் 26, திங்கள்

எட்டரைக்கு மெசினை நிறுத்தி, ஆட்டோவுல ஏத்தி, மடியில வச்சுக்கிட்டு எங்க பழைய கம்பெனிக்குப் போனோம். அங்க ஜெனரேட்டர் இருக்குது. வெல்டிங்கே அதுல ஓடும்போது இதுக்கென்ன. மொதலாளி, "சென்னியப்பா, என்னய்யா இது, மறுபடி வேலைக்கு வந்துட்டியா"ன்னாரு. "உங்க பஸ்ஸுதான் உள்ள இருக்குதுங்க, சாயங்காலம் வரைக்கும் கரண்ட்டு குடுங்க"ன்னேன். இடம் குடுத்துட்டாரு.

தமயந்தி கம்பெனி கேட்டுக்கு வெளியவே நின்னா. ஆட்டோக்காரன் போன பின்னாடியும் நின்னா. அப்புறம் உள்ள வந்துட்டா.

பாதி கட்டுன பஸ்ஸு ஒண்ணு நின்னுது. எலும்புக்கூடு மட்டும், மேல தகடு அடிச்சாச்சு, சீட்டு போடலை. அதுக்குள்ள ரெண்டு ஸ்டூலைப் போட்டு மெசினை வச்சோம். மெசினோட பக்கக் கண்ணாடியைக் கழட்டிட்டோம். பெயிண்ட் காய வைக்கற பெரிய ஃபேனை இழுத்துக்கிட்டு வந்து எதுத்தாப்புல வச்சேன். இனி அது மூச்சு விடலைன்னு சொல்லட்டும் பாக்கலாம்.

ஆளுக ஒவ்வொருத்தனா வந்து எட்டிப்பாத்தானுக. தகடு அடிக்கறவன், ஒயரிங்காரன். திரையில பஸ்ஸுக்குள்ள ஓடற படத்தைப் பாத்துட்டு, அவனுக நிக்கற பஸ்ஸைத் திரும்பிப் பாத்தானுக. ஒருத்தன், "அக்கா, அந்த லைட்டு அங்கயா வருது"ன்னு கேட்டான். இவ எந்திரிச்சுப் போய் கையை வச்சுக் காட்டுனா, இங்கன்னு. அவன் சாக்பீஸ்ல குறி போட்டுக்கிட்டான்.

பெயிண்ட்டர் மாரப்பன் வந்தான். என்ற வயசு, இன்னும் வேலைக்கு வர்றான். கொஞ்ச நேரம் படத்தைப் பாத்தான். "இது அந்தப் புள்ளதான? பள்ளிக்கூடத்து டிரெஸ்ஸுல சோத்துப் போசி கொண்டுக்கிட்டு வருமே."

"ஆமா."

"ஒரு நா பெரிய தாள்ல பஸ்ஸு வரஞ்சு எடுத்தாந்துது. நீ அதைப் புடுங்கி எங்க எல்லாத்துக்கும் காட்டுனே. படிக்கட்டு ஒசரமா இருக்குது, ஒட்டகச்சிவிங்கி ஏறலாம்னு சொல்லி. சாப்பாட்டு நேரம் பூரா சிரிச்சோமே. அப்புறம் அது சோறு கொண்டாரதையே நிறுத்திருச்சு."

தமயந்தி திரையைப் பாத்துக்கிட்டே இருந்தா. ஜெனரேட்டர் சத்தத்துல கேட்டிருக்காது.

கேட்டிருக்கும்.

மாரப்பனுக்கு ஞாபகசக்தி எச்சு. பெயிண்ட்டு வாசத்துல பாதி பேருக்கு மூளை மழுங்கிப்போகும், இவனுக்கு மட்டும் ஒண்ணும் ஆகலை. மத்தியானம் அவன்கூட உக்காந்து சாப்புடலை. வயிறு சரியில்லை.

அந்தப் படிக்கட்டு தாள்ல பாக்கத்தான் ஒசரமாத் தெரிஞ்சுது, அளவு பத்து அங்குலம்தான் போட்டிருந்தா. எனக்கு இன்னும் ஞாபகம் இருக்குது. நாங்க அப்ப பதினாலு வச்சுக்கிட்டிருந்தோம். வயசானவங்க ஏற முடியலைன்னு மூணு வருசம் கழிச்சு மொதலாளியே பத்தாக் கொறைக்கச் சொன்னாரு.

அஞ்சரைக்கு வீட்டுக்கு வந்து மாட்டியாச்சு. ரெண்டு தடவை மாத்துனதுல ஒரு மணி நேரம் போச்சு. ஓடுது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ஒண்ணரைக்கு கடைசிப் படம் முடிஞ்சுது. சேத்து ஓட்டிப் பாத்தா. படிக்கட்டு ஏறி, டிரைவர் சீட்டைத் தாண்டி, ரெண்டு பக்கமும் படுக்கை, ஒவ்வொரு விளக்கா எரிஞ்சுக்கிட்டே கடைசி சீட்டு வரைக்கும். ரெண்டு நிமிசம்.

மூணு மணிக்கு அனுப்பிட்டா.

எனக்குக் கண்ணு மங்கலா இருந்துது, சாம்பிராணி போட்டது கொல்லையில இன்னும் பொகையுது போல.

இன்னிக்கு சாம்பிராணி போடலைதான்.

ஆகஸ்ட் 28, புதன்

ஒரு தகவலும் இல்லை. அவ வீட்டை மூணு தடவை கூட்டிட்டா. நான் கேம் ஆடுனேன், ஒரு பாலத்துக்கடியில பஸ்ஸைச் சிக்க வச்சுட்டேன். "ஒசரம் பாத்து ஓட்டுங்கப்பா"ன்னா. அவ்வளவுதான் இன்னிக்குப் பேசுனது.

ஆகஸ்ட் 29, வியாழன்

வெடியால ஒம்பது மணிக்குப் போன் வந்துது. பாலக்காட்டுக்காரரே பேசுனாரு. நாலு இல்லை, ஆறு பஸ்ஸு. டிசைன் பூரா இவதான் பண்ணணும்னு எங்க மொதலாளிகிட்ட சொல்லிட்டாராம். இவ எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போன் பண்ணி வரலீங்கன்னு சொன்னா. எவ்வளவு மரியாதையாச் சொன்னாங்கறீங்க, அவனே வாழ்த்துச் சொல்லி வச்சிருப்பான்.

காப்பி போட்டு எனக்கு ஒரு டம்ளர் கொண்டாந்து வச்சா. பக்கத்துல உக்காந்தா. உக்காந்து ரொம்ப நாளாச்சு.

"அப்பா, நெசமாச் சொல்லுங்க. அந்த மெசினு எதுக்கு வாங்குனீங்க?"

கேமுக்குன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். வரலை. ரெண்டு நாளா வாயில வேற ஒண்ணு நிக்குது, அது நகந்தாத்தான் மத்தது வரும் போல இருக்குது.

"தமயந்தி"ன்னேன். அம்மிணின்னு சொல்லலை. அவளும் கவனிச்சா. "அந்தப் படிக்கட்டு. நீ பத்து அங்குலம் போட்டிருந்தியே. அது ஒசரமில்லை. அன்னிக்கு நாங்க கட்டிக்கிட்டிருந்ததுதான் ஒசரம். எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் நான்—"

போன் அடிச்சுது. மொதலாளி. இவ எந்திரிச்சு, "சரிங்க, சரிங்க"ன்னுக்கிட்டே ரூமுக்கும் வாசலுக்கும் நடந்தா. வச்சுட்டு ஹெல்மெட்டை எடுத்தா.

"கம்பெனிக்குப் போயிட்டு வந்தர்றேனுங்கப்பா. மேல் படுக்கையில அளவெடுக்கணுமாம், நேர்ல வந்து பாருங்கன்னு ஆளுக நிக்கறாங்களாம்."

"இரு, நான் சொல்லிக்கிட்டிருந்தது—"

"வந்து கேட்டுக்கறேன். காப்பி ஆறுது, குடிங்க."

"ஒரு நிமிசம்தான். அன்னிக்கு நான் சிரிச்சது எதுக்குன்னா"ன்னு பின்னாலயே வாசல் வரைக்கும் போனேன். செருப்பு ஒண்ணுதான் மாட்டியிருந்தேன். அவ ஸ்டாண்டைத் தள்ளி விட்டு வண்டியை எடுத்துட்டா. கையை மட்டும் பின்னாடி ஆட்டுனா. நான் தெருவுல நின்னு, "நீ வரஞ்சது நல்லாருந்துது, அதனாலதான்"ங்கற வரைக்கும் சொன்னேன். வண்டி அதுக்குள்ள முக்குல திரும்பிருச்சு.